ரெடிஸின் உரிமம் மாறியபோது உண்மையில் எது மாறியது?

உங்கள் அலுவலகத்தின் உள்செயலிகளுக்குப் பின்னால் சில ஆண்டுகளாக, தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் மென்பொருளான ரெடிஸின் 7.2 பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது; 2024இல் அதன் உரிமம் மாறியது என்றார்கள், 2025இல் மறுபடியும் மாறியது என்றார்கள்; இப்போது அது திறந்த மூல மென்பொருள்தானா, அதிலிருந்து பிரிந்த வால்கிக்கு மாறாமல் இருந்தால் சட்டச் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இருமுறை படித்தபின் எனக்குத் தோன்றுவது, ஏற்கெனவே கையில் இருப்பதை யாராவது திரும்பக் கேட்க முடியுமா என்பதே உங்கள் முதல் கவலை. இனி எந்தத் திட்டத்தை நம்புவது என்பது அதற்குள் இருக்கும் இன்னொரு கவலை. முதலாவதற்கு ஏறக்குறைய உறுதியான பதில் உண்டு. அடுத்ததற்கு அனுபவத்திலிருந்து வரும் கணிப்பைத்தான் தர முடியும். நான் சர்வர் நிர்வாகத்திலும், நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களின் உரிமங்களைச் சரிபார்க்கும் பணியிலும் பல ஆண்டுகள் இருந்தவன், வழக்கறிஞன் அல்லன். ஒப்பந்தம், கையெழுத்து என்ற அளவுக்கு விஷயம் போனால் இந்தப் பதிலை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் நடந்தவற்றை வரிசைப்படுத்திக்கொள்வோம். சால்வடோரே சான்ஃபிலிப்போ 2009இல் ரெடிஸை வெளியிட்டார். அதன் பிஎஸ்டி உரிமம் மிகத் தாராளமானது: பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்துக்கொண்டால் போதும், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம், மூடிய மென்பொருளுக்குள்ளும் சேர்த்துக்கொள்ளலாம். ரெடிஸ் லேப்ஸ் என்று அப்போது அழைக்கப்பட்ட நிறுவனம் 2018 ஆகஸ்டில் தன் துணைத் தொகுதிகள் சிலவற்றுக்கு மட்டும் காமன்ஸ் கிளாஸ் என்ற, விற்பனையைத் தடுக்கும் கூடுதல் நிபந்தனையைச் சேர்த்தது. மையப் பகுதி பிஎஸ்டியிலேயே தொடரும் என்று உறுதியும் அளித்தது. சான்ஃபிலிப்போ 2020இல் பராமரிப்பிலிருந்து விலகினார். 2024 மார்ச் 20 அன்று, 7.4 பதிப்பு முதல் மையப் பகுதியும் ஆர்எஸ்ஏஎல் (ரெடிஸ் நிறுவனமே எழுதிய, திறந்த மூலம் அல்லாத உரிமம்), எஸ்எஸ்பிஎல் ஆகிய இரு உரிமங்களில் ஒன்றின்கீழ்தான் கிடைக்கும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. எட்டே நாளில், 7.2.4 பதிப்பின் நிரலை அடிப்படையாகக் கொண்ட வால்கி என்ற ஃபோர்க்கை (அதே நிரலிலிருந்து பிரிந்து வளரும் தனித் திட்டத்தை) லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்தது. அமேசான், கூகுள் கிளவுட், ஆரக்கிள், எரிக்சன், ஸ்நாப் ஆகியவை அதற்குத் துணை நின்றன. சான்ஃபிலிப்போ 2024இன் இறுதியில் ரெடிஸ் நிறுவனத்துக்குத் திரும்பினார். 2025 மே மாதம் வந்த ரெடிஸ் 8இல், முன்னிருந்த இரண்டோடு ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் மூன்றாவது தேர்வாகச் சேர்க்கப்பட்டது.

ஆகவே "ரெடிஸ் திறந்த மூலமா" என்ற கேள்விக்குப் பதிப்பு எண் இல்லாமல் பதில் சொல்ல முடியாது. 7.2 வரையிலான பதிப்புகள் பிஎஸ்டி. அவை ஐயமின்றித் திறந்த மூலம். ரெடிஸ் 8ஐ ஏஜிபிஎல் தேர்வின்கீழ் எடுத்துக்கொண்டால் அதுவும் திறந்த மூலமே. இடையில் வந்த 7.4 மட்டும் அப்படியல்ல. எஸ்எஸ்பிஎல் உரிமத்தை 2018 அக்டோபரில் மாங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனம் உருவாக்கி, திறந்த மூல உரிமங்களை அங்கீகரிக்கும் அமைப்பான ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவின் ஒப்புதலுக்கு அனுப்பியது; எதிர்ப்பு வலுத்ததால் 2019 மார்ச்சில் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. 1998இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் வரையறை, எந்தத் துறையில் பயன்படுத்துவோருக்கும் உரிமம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. எஸ்எஸ்பிஎல்லின் 13ஆம் பிரிவோ, மென்பொருளை ஒரு சேவையாக மற்றவர்களுக்கு வழங்குபவர் அந்தச் சேவையை நடத்தப் பயன்படும் மேலாண்மை, கண்காணிப்பு, காப்புநகல், சேமிப்பு மென்பொருள்கள் அனைத்தின் மூலநிரலையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்கிறது. நடைமுறையில் எவராலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனை இது. அப்படி இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன். இது திறந்த மூல உரிமம் அல்ல என்று அந்த அமைப்பு 2021 ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்தது.

இனி உங்கள் முதல் கவலை. பிஎஸ்டியின்கீழ் வெளியான நிரல் பிஎஸ்டியின்கீழேயே இருக்கும். புதிய உரிமம் புதிய பதிப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். நீங்கள் 7.2ஐ இறக்கிய அன்று பெற்ற அனுமதி பிந்தைய அறிவிப்பால் அழிவதில்லை. வால்கி என்ற ஒன்று சட்டப்படி பிறக்க முடிந்ததே இதனால்தான். இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒரு சிறு நுணுக்கம் உண்டு. அப்பாச்சி 2.0 உரிமம் தான் தரும் அனுமதி திரும்பப் பெற முடியாதது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஜிபிஎல் 3உம், நிபந்தனைகளைப் பின்பற்றும்வரை, அப்படியே சொல்கிறது. பிஎஸ்டியின் சிறிய வாசகத்தில் அந்த உறுதிமொழி இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு சட்ட அறிஞர்கள் வாதிடுவதுண்டு. ஆனால் இந்த உரிமத்தின்கீழ் உலகம் முழுவதும் இயங்கும் நிரலின் அளவை எண்ணிப் பார்த்தால், இது வகுப்பறை விவாதத்துக்கு உரியதே தவிர உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது அல்ல. ரெடிஸ் நிறுவனமும் பழைய பதிப்புகளைத் திரும்பக் கேட்கவில்லை.

பழைய பதிப்பில் தங்குவதன் உண்மையான விலை சட்டத்தில் அல்ல, பாதுகாப்பில் இருக்கிறது. 2025 அக்டோபரில், ரெடிஸில் லூவா மொழி ஸ்கிரிப்டுகளை இயக்கும் பகுதியில் சுமார் 13 ஆண்டுகளாக ஒளிந்திருந்த ஒரு பிழை வெளியே வந்தது; பாதுகாப்புப் பிழைகளின் தீவிரத்தை அளக்கும் சிவிஎஸ்எஸ் அளவுகோலில் அதற்கு உச்ச மதிப்பெண்ணான 10 தரப்பட்டது. பொதுவான பாரம்பரியம் காரணமாக அது வால்கியிலும் இருந்தது. இரு தரப்பும் திருத்தங்களை வெளியிட்டன, 7.2 வரிசைக்கும் திருத்தம் வந்தது. ஆனால் 7.2க்கு என்றென்றும் திருத்தம் வந்துகொண்டே இருக்கும் என்று எந்த உரிமமும் உறுதி தரவில்லை. நிரலை வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுடையது. அதைப் பராமரிக்க வேண்டிய கடமை வேறு எவருடையதும் அல்ல. உரிம விவாதங்களின் சத்தத்தில் இந்த எளிய உண்மை அடிக்கடி காணாமல் போய்விடுகிறது.

ரெடிஸ் 8க்குப் போனால் ஏஜிபிஎல் உங்களை என்ன செய்யச் சொல்லும் என்பதிலும் தெளிவானதையும் தெளிவற்றதையும் பிரித்துச் சொல்கிறேன். நிரலை மாற்றாமல் அப்படியே நிறுவி, அலுவலகத்துக்குள் பயன்படுத்தினால் ஏஜிபிஎல்லின் 13ஆம் பிரிவு உங்களிடம் எதையும் கேட்பதில்லை. நிரலை மாற்றியமைத்து, அந்த மாற்றப்பட்ட பதிப்போடு பிணையம் வழியாகப் பயனர்கள் தொடர்புகொள்ளும்படி வைத்தால்தான், அவர்களுக்கு அந்த மூலநிரலைப் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும். உங்கள் செயலி வேறொரு தனிச் செயல்முறையாக இயங்கி, பிணையம் வழியாக ரெடிஸுடன் பேசுகிறது என்பதால் மட்டும் உங்கள் செயலியும் ஏஜிபிஎல் ஆகிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்பதே பெரும்பான்மைக் கருத்து. நானும் அவ்வாறே கருதுகிறேன். ரெடிஸுக்கு உள்ளேயே ஏற்றப்படும் தொகுதி ஒன்றை நீங்கள் சொந்தமாக எழுதியிருந்தால் நிலைமை வேறு. அங்கே எல்லைக்கோடு மங்கலானது, அதற்கு வழக்கறிஞர் வேண்டும். கூகுள் போன்ற நிறுவனங்கள் ஏஜிபிஎல் நிரலைத் தங்கள் பணிகளில் பயன்படுத்தவே கூடாது என்று வெளிப்படையான விதி வைத்திருக்கின்றன. அந்த விதி ஏஜிபிஎல் ஆபத்தானது என்பதற்குச் சான்று அல்ல. அத்தனை பெரிய நிறுவனத்தில் ஒவ்வொரு பயன்பாட்டையும் தனித்தனியே ஆராய்வதைவிட மொத்தமாகத் தடுப்பது மலிவு என்பதற்கே சான்று. உங்கள் வாடிக்கையாளர்களில் எவராவது இத்தகைய விதி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நாளை யாரை நம்புவது என்ற கடினமான பகுதி. உரிமத்தின் பெயரை மட்டும் படித்துவிட்டு இதற்குப் பதில் சொல்ல முயல்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு என்பது என் கருத்து. உரிமம் இன்று கையில் இருப்பதைப் பற்றிப் பேசுகிறது. நாளைய பதிப்பு எந்த உரிமத்தில் வரும் என்பதைத் தீர்மானிப்பது பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது, வர்த்தக முத்திரை யாரிடம் இருக்கிறது, நிரலை உண்மையில் எழுதுபவர்கள் யாரிடம் சம்பளம் வாங்குகிறார்கள் என்பவையே. லினக்ஸ் கெர்னலின் உரிமத்தை எவராலும் மாற்ற முடியாததற்குக் காரணம் ஜிபிஎல் 2 என்ற உரிமம் மட்டும் அல்ல. அதன் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது, அனைவரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க இயலாது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருள் திட்டம் தன் பழைய உரிமத்திலிருந்து அப்பாச்சி 2.0க்கு மாற விரும்பியபோது, பங்களித்தவர்களை ஒவ்வொருவராகத் தொடர்புகொள்ள வேண்டியிருந்தது. 2017இல் அறிவித்த மாற்றம் 2021 செப்டம்பரில் வெளிவந்த 3.0 பதிப்பில்தான் நடைமுறைக்கு வந்தது. நல்ல நோக்கத்துக்கான மாற்றத்துக்கே அவ்வளவு உழைப்பு என்றால், பதிப்புரிமை பரவிக் கிடப்பது எத்தகைய காவல் என்பது புரியும்.

இதற்கு நேர்மாறானது, பங்களிப்பாளர்கள் அனைவரும் ஒரே நிறுவனத்திடம் விரிவான உரிமைகளை எழுதிக்கொடுக்கும் சிஎல்ஏ என்ற ஒப்பந்தம். சர்வர் கட்டமைப்பை நிரலாக எழுதி நிர்வகிக்கும் கருவியான டெராஃபார்மின் உரிமத்தை ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் எம்பிஎல் 2.0 என்ற திறந்த மூல உரிமத்திலிருந்து பிஎஸ்எல் 1.1க்கு மாற்றியபோது யாரிடமும் புதிதாகச் சம்மதம் கேட்கத் தேவைப்படவில்லை. சம்மதம் முன்பே வாங்கப்பட்டிருந்தது. (பிஎஸ்எல் வேறு, பிஎஸ்டி வேறு, கூட்டங்களில் இந்த இரண்டையும் குழப்பிப் பேசியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிஎஸ்எல் என்பது மரியாடிபி என்ற தரவுத்தள நிறுவனம் உருவாக்கியது. நிரலைப் பார்க்கலாம், ஆனால் குறிப்பிட்ட வணிகப் பயன்பாடுகளுக்குத் தடை இருக்கும். அதிகபட்சம் நான்கு ஆண்டுகளில் அந்தப் பதிப்பு திறந்த உரிமத்துக்கு மாறிவிடும்.) பிஎஸ்டி போன்ற தாராளமான உரிமத்திலோ சிஎல்ஏவுக்குக்கூட அவசியம் இல்லை, குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, எவர் வேண்டுமானாலும் அடுத்த பதிப்பை மூடலாம். 2018இல் ரெடிஸ் லேப்ஸ் தந்த உறுதிமொழி 2024இல் காற்றில் போனதற்கு அந்த நிறுவனத்தின் குணத்தை ஆராய்வதில் எனக்கு ஆர்வமில்லை. உறுதிமொழியைக் காப்பாற்றும் கட்டமைப்பு அங்கே இல்லை என்பதே செய்தி.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்தால் இந்தப் பதில் ஒருபக்கச் சார்பாகிவிடும். ஒரு சிறிய நிறுவனம் ஆண்டுக்கணக்கில் செலவழித்து வளர்க்கும் மென்பொருளைப் பெரிய கிளவுட் நிறுவனம் சேவையாக்கி விற்று, வருமானத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது என்ற குறை கற்பனை அல்ல. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை உருவாக்கும் எலாஸ்டிக் நிறுவனம் 2021இல் அப்பாச்சி 2.0ஐக் கைவிட்டபோதும் இதைத்தான் சொன்னது. அமேசான் தன் சேவைக்கு வைத்திருந்த பெயரை எதிர்த்து எலாஸ்டிக் வர்த்தக முத்திரை வழக்கும் நடத்தியது, அது 2022 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது. ஆனால் ரெடிஸைப் பொறுத்தவரை, சான்ஃபிலிப்போ விலகியபின் 2020இல் அமைந்த மையக் குழுவிலேயே அமேசான், அலிபாபா நிறுவனங்களின் பொறியாளர்கள் இருந்தார்கள். கிளவுட் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன, எதையும் திருப்பித் தரவில்லை என்ற எளிய கதை இங்கே பொருந்தவில்லை. குறை உண்மையானது, தேர்ந்தெடுத்த மருந்து தவறானது என்பது என் தீர்ப்பு. இதை ஏற்காத, நான் மதிக்கும் பொறியாளர்கள் பலர் உண்டு.

மையக் குழுவில் இருந்த அந்தக் கிளவுட் நிறுவனப் பொறியாளர்களின் இருப்பே வால்கி பிழைத்ததற்கும் காரணம். ஃபோர்க் எடுப்பது ஒரு நிமிட வேலை. அதை உயிரோடு வைத்திருப்பதற்கு அந்த நிரலை ஏற்கெனவே அறிந்தவர்கள் உடன் வர வேண்டும். வால்கிக்கு வந்தார்கள். டெராஃபார்மிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபுவுக்கு, அந்தக் கருவியை நம்பித் தொழில் நடத்திய பல நிறுவனங்கள் சேர்ந்து முழுநேர ஊழியர்களைத் தந்தன. 2024 ஜனவரியில் அதன் முதல் நிலையான பதிப்பு வந்தது. மாங்கோடிபியில் அவ்வாறு நிகழவில்லை. அதன் நிரலை எழுதியவர்கள் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் ஊழியர்கள் என்பதால், வலுவான நேரடி ஃபோர்க் எதுவும் எழவில்லை. ஃபெரட்டிபி, அமேசான் டாக்குமென்ட்டிபி போன்றவை மாங்கோடிபியின் நெறிமுறையைப் பேசும் வேறு மென்பொருள்களாகவே வந்தன. எந்தத் திட்டத்தை மதிப்பிடும்போதும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கடந்த ஓராண்டின் கமிட்டுகளை (நிரலில் பதிவான மாற்றங்களை) எடுத்து, ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை நீக்கிவிட்டால் மீதி எத்தனை பேர் நிற்கிறார்கள்?

அறக்கட்டளையின் கீழ் இருந்தால் எல்லாம் சரி என்றும் எண்ண வேண்டாம். நேட்ஸ் என்ற செய்திப் பரிமாற்ற மென்பொருள் திட்டம், லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கிளை அமைப்பான சிஎன்சிஎஃப்பிடம் ஆண்டுக்கணக்கில் இருந்த பின்னரும், அதைத் தொடங்கிய சினாடியா நிறுவனம் 2025 ஏப்ரலில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முயன்றது. வர்த்தக முத்திரை முறையாகக் கைமாறியிருக்கவில்லை என்பதே சிக்கலின் வேர். அடுத்த மாதம் சமரசம் ஏற்பட்டு, முத்திரை லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமம் மாறாமலே ஒரு திட்டம் கைநழுவலாம் என்பதற்கு மினியோ என்ற தரவுச் சேமிப்பு மென்பொருள் எடுத்துக்காட்டு: ஏஜிபிஎல் அப்படியே இருந்தது, ஆனால் 2025இல் இலவசப் பதிப்பின் நிர்வாகத் திரையிலிருந்து பல வசதிகள் நீக்கப்பட்டன, பின்னர் நேரடியாக நிறுவத்தக்க தொகுப்புகள் தருவதும் நின்றது.

எலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025இலும் ஏஜிபிஎல்லைச் சேர்த்துக்கொண்டதை மனமாற்றம் என்று சிலர் கொண்டாடினார்கள், தோல்வி என்று சிலர் எள்ளினார்கள். நோக்கத்தை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது, இன்றும் ரெடிஸுக்குப் பங்களிப்பவர் சிஎல்ஏவில் ஒப்புதல் தர வேண்டும் என்பது. அதாவது, வெளியார் அனைவரும் ஏஜிபிஎல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். நிறுவனம் மட்டும் கட்டுப்பட்டதல்ல. இன்னொரு முறை மாற்ற விரும்பினால் அதற்கான கதவு திறந்தே இருக்கிறது. வால்கியில் சிஎல்ஏ இல்லை. பங்களிப்பாளர் ஒவ்வொருவரும் இது தன்னுடைய நிரல்தான் என்று உறுதி கூறும் கையொப்ப வரியோடு நிரலைத் தருகிறார்கள், பெயரும் முத்திரையும் லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் உள்ளன. பிஎஸ்டி என்பதால் எவரும் வால்கியிலிருந்து மூடிய பதிப்பு ஒன்றை உருவாக்கலாம். ஆனால் அந்தப் பெயரோடு முதன்மைத் திட்டத்தையே மூடுவது கடினம்.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். 7.2இல் இருப்பதால் உங்களுக்கு இரு வழியும் இன்னும் திறந்திருக்கிறது, இதுவே நல்ல செய்தி. வால்கி, ரெடிஸ் 7.2 வரையிலான பதிப்புகளோடு ஒத்தியங்கும்; ஆனால் 7.4 முதல் வரும் ரெடிஸின் தரவுக் கோப்புகளை அது படிக்காது. ஆகவே "எதற்கும் 7.4க்கு ஏற்றிவைப்போம், பிறகு யோசிப்போம்" என்று மட்டும் செய்துவிடாதீர்கள், அது திரும்பும் வழியைச் சிக்கலாக்கும், அதுவும் மூன்றில் திறந்த மூலம் அல்லாத ஒரே பதிப்பில் கொண்டுபோய் நிறுத்தும். ஜேசன், தேடல் போன்ற தொகுதிகளை நீங்கள் ஆழமாகப் பயன்படுத்தினால் ரெடிஸ் 8 இயல்பான தேர்வு, ஏனெனில் அவை இப்போது மையத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன. மேலே சொன்ன காரணங்களால் ஏஜிபிஎல் உங்கள் உள்பயன்பாட்டுக்குத் தடையாக இருக்காது. வெறும் கேஷ், வரிசை, செஷன் சேமிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் என்றால் நான் வால்கியைத் தேர்வேன். ரெடிஸைச் சேவையாக்கி வாடிக்கையாளர்களுக்கு விற்கும் எண்ணம் என்றாவது இருந்தால், முடிவெடுக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

மாறுவதானால், புதிய வால்கி சர்வர் ஒன்றை இப்போதைய 7.2இன் ரெப்ளிகாவாக (நகல் சர்வராக) இணைத்து, தரவு முழுவதும் வந்து சேர்ந்ததை உறுதிசெய்தபின் அதை முதன்மையாக்குவதே எளிய முறை; செயலிகளின் கிளையன்ட் நூலகங்களை மாற்ற வேண்டியதில்லை. ஏற்றப்பட்டுள்ள தொகுதிகளின் பட்டியலை அதற்கு முன் எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, வால்கியின் இன்ஃபோ கட்டளை பழைய கருவிகளுக்காக ரெடிஸ் பதிப்பு என்ற இடத்தில் 7.2.4 என்றே காட்டும்; கண்காணிப்புக் கருவி அந்த எண்ணை வைத்துப் பாதுகாப்பு எச்சரிக்கை எழுப்பினால், அருகிலுள்ள வால்கி பதிப்பு எண்ணைப் பார்த்தபின் முடிவுசெய்யுங்கள்.